கை முந்தியா, கால் முந்தியா

அதைத்தான் சொல்கிறேன் பிள்ளை. மூலை வீட்டுக்காரியின் பேரன் கப்பல் வேலைக்கென்று பயிற்சிக்குப் போனானே, அவன் நீச்சல் தடாகத்துப் பலகையில் ஏறி நின்று, குதிக்கமாட்டேன் என்று ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டானாம். அவள் வெளியில் மூச்சு விடவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் என் காதில் விழுந்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கென்றால் அவன் மேல் பாவம்தான் வந்தது, ஏனென்றால் என் வீட்டுக்காரரும் அதே குதியில்தான் தோற்றவர். அவரோ கடலில் வளர்ந்த மனிதர். அந்தப் பலகையை இழுத்துப்போட்டு இருங்கள், சொல்கிறேன். கருவாடு வெயிலில் கிடக்கிறது, காகம் பார்க்கத்தான் நானும் இங்கே இருக்கிறேன்.

அது சண்டைக் காலம். கடலில் இறங்குவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் இருந்தாலும் காலையில் கொஞ்ச நேரம், அதுவும் கரையோரமாக. சில கிழமை முழுக்கவே கடல் பூட்டுத்தான். வலை வேலியில் கிடந்து இற்றுப்போனது. வீட்டில் நான்கு பிள்ளைகள். அப்போதுதான் நகரத்தில் ஒருவர் சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார் என்று கதை வந்தது. கயிறு இழுக்க, தட்டுக் கழுவ, பெயின்ட் அடிக்க. தளத்தைத்தான் அங்கே தட்டு என்பார்களாம். நான் சோற்றுத் தட்டுக் கழுவத்தான் இவ்வளவு தூரம் போகிறாரோ என்று முதலில் யோசித்தேன்.

ஆனால் சும்மா ஏற்றமாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி முடித்த பத்திரம் கையில் இருக்க வேண்டும். கடலில் விழுந்தால் உயிர் தப்புவது, தீ அணைப்பது, காயத்துக்குக் கட்டுவது, கப்பலில் எப்படி நடந்துகொள்வது, இவ்வளவும் படிக்க வேண்டும். கிண்ணியாக்காரர் ஒருவர், நெடுங்காலம் கப்பலில் இருந்து ஓய்ந்தவர், நகரத்தில் ஒரு பழைய கொப்பராக் கொட்டிலில் அதைப் படிப்பித்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஒன்பது பேர் படித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, தகப்பனும் பள்ளிக்கூடத்துக்கு.

அவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் அந்தப் புத்தகம் முழுக்கப் படம். அவர் பின்னேரம் சைக்கிளைச் சாத்துவதற்கு முன்னரே நான் பையிலிருந்து அதை எடுத்துவிடுவேன். நான் கட்டைபறிச்சானில் வயல்காரரின் மகள். கலியாணத்துக்கு முன் எனக்குக் கடல் என்றால் லோஞ்சுப் படகில் நகரத்துக்கு வரும்போது வாந்தி எடுக்கிற இடம், அவ்வளவுதான். ஆகவே எனக்கு எல்லாமே புதினம். ஒவ்வொரு படத்துக்கும் ஏன், எதற்கு என்று கேட்பேன். அவருக்குத் தெரியாவிட்டால் அடுத்த நாள் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

செம்மஞ்சள் மிதப்புச் சட்டையில் ஒரு விசில் தொங்கும். ஏன் விசில்? கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிடும், விசிலுக்குத் தொண்டை அடைக்காதாம். ஒரு நாள் கொட்டிலுக்குள் தேங்காய்ப் பொச்சு மட்டையைப் புகைய விட்டு, ஒன்பது பேரையும் சுவர் தடவிக்கொண்டு தவழ்ந்து வெளியே வரச் சொன்னார்களாம். தடவுவது புறங்கையால். உள்ளங்கையால் தடவி, அது மின்சாரக் கம்பியாக இருந்தால் விரல் தானாக மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் கை தானாக இழுபட்டுவிடும். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள். இன்றைக்கும் கரண்ட் போனால் குசினிக்குள் அடுப்படி வரை நான் புறங்கையால்தான் தடவிப் போகிறேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

இன்னொரு படம். படகில் ஒருவன் கடல் தண்ணீரைக் கோப்பையில் அள்ளிக் குடிக்கிறான், அவன் மேல் பெரிய சிவப்புக் கோடு. குடித்தால் தாகம் கூடி, புத்தி பேதலித்து, செத்துப்போவானாம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் குதி. இப்போதைய பிள்ளைகளுக்குத் தடாகம் இருக்கிறது. அப்போது மாஸ்டர் எங்கெங்கோ அலைந்து, துறைமுகத்துக்குள் ஒரு பழைய இறங்குதுறையில் குதிக்க அனுமதி எடுத்திருந்தார். காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் மட்டும். மற்ற நேரத்தில் கடற்படைக்காரர் தண்ணீருக்கடியில் வெடி போடுவார்கள், சுழியோடி யாரும் உள்ளே வந்து கப்பலுக்குக் குண்டு வைத்துவிடக் கூடாதென்று. வீட்டில் அலுமாரிக் கண்ணாடி லேசாக அதிரும். துறையில் துவக்கோடு காவலுக்கு ஒரு சென்ட்ரி நிற்பான்.

படத்தில் குதிக்கிறவன் தூண் மாதிரி நேராக இறங்குகிறான். ஒரு கை மூக்கைப் பொத்த, மற்றக் கை சட்டையை அமத்த, கால் இரண்டும் சேர்ந்து கீழே. கால் முந்த வேண்டும். தலைகீழாகப் பாய்ந்தால் சட்டை மேலே எழும்பிக் கழுத்தை அடிக்கும். இறங்கியதும் நீந்தக் கூடாது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மழைக்குச் சுருண்ட பூனை மாதிரி மிதந்துகொண்டு கிடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரின் முறை வந்தது. மாஸ்டர் கையைத் தட்டினார். இந்த மனிதர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்துவிட்டார். வாரையும் இறுக்கிக் கட்டவில்லை. சட்டை தலையால் கழன்று தனியாக மிதக்கிறது, ஆளைக் காணவில்லை. சங்கு குளித்த நெஞ்சு அல்லவா, மூச்சடக்கிக்கொண்டு எங்கேயோ போய் இறங்குதுறைத் தூண்களுக்கு நடுவில் தலையை நீட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில், அந்தத் துறைமுகத்தில், ஒரு ஆள் தண்ணீருக்குள் மறைந்தால் எப்படி இருக்கும்? சென்ட்ரி துவக்கைத் தூக்கிவிட்டான். மாஸ்டர் குறுக்கே ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாராம். ஒன்பது பேரையும் மேலே ஏற்றி, வெயிலில் குந்த வைத்து, மத்தியானம்தான் விட்டார்கள்.

மாஸ்டர் ஏசவில்லை. இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்.

"ஒரு தரம் பொறுத்துட்டாங்க. புதன்கிழமை கடைசி நாள். அண்டைக்கும் உங்கட தலை தண்ணிக்குள்ள காணாமப் போச்செண்டா, ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், தம்பி."

இவருடைய ஒரு குதியில் மற்ற எட்டு வீட்டின் அடுப்பும் தொங்கியது. வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஏன் அப்படிப் பாய்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் பாயேல்லையப்பா. கை முந்திப்போட்டுது."

சரி, பழக்கினால் வரும் என்று நினைத்தேன். தலையணையை அவருடைய நெஞ்சில் வைத்து என் பழைய சேலைக் கிழிசலால் கட்டினேன். கிணற்றுக் கட்டில் ஏற்றி, கீழே மணல் குவித்து, குதியுங்கள் என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி இறங்கினார். இன்னொரு தரம், அதுவும் சரி. பிள்ளைகள் நான்கும் வரிசையில் நின்று கைதட்டுகின்றன, வேலிக்கு மேலால் அக்கம்பக்கம் பார்க்கிறது. இருபது தரம் குதித்தார், இருபதும் புத்தகத்தில் உள்ள மாதிரி. பிறகு கடலில் மட்டும் என்ன வந்தது? அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை கடல் திறந்த நேரம் அவரோடு நானும் கரைக்குப் போனேன். என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று. அலை காலுக்குக் கிட்ட வந்தது. அவர் குனிந்து, விரலால் தண்ணீரைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றி, அதற்குப் பிறகுதான் காலை வைத்தார். பதினைந்து வருடம் கூட இருந்திருக்கிறேன், இதை நூறு தரம் கண்டிருப்பேன், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எப்பவாவது தண்ணியைத் தொடாமல் கடலுக்குள்ள கால் வைச்சனீங்களே?"

"தொடாமல் என்னண்டு வைக்கிறது? தாயை மிதிக்கிற மாதிரியெல்லோ."

அதோடு எனக்கு விளங்கிவிட்டது. என் அப்பாவும் நெல் சூடடிக்கிற களத்தின் மண்ணைத் தொட்டுக் கும்பிடாமல் உள்ளே கால் வைக்கமாட்டார். இறங்குதுறை இரண்டு ஆள் உயரம். குனிந்தாலும் தண்ணீர் கைக்கு எட்டாது. கால் முந்தக் கூடாதென்று கை முந்திவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு கடலையே பார்த்தார். பிறகு, ஓம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். தெரிந்தும் என்ன செய்ய, கடலைத் துறைக்கு மேலே தூக்கி வைக்க ஏலுமோ என்று கேட்டார்.

ஏன் ஏலாது? புதன்கிழமை விடியவே போய் ஒரு பழைய மருந்துப் போத்தலில் கடல் தண்ணீர் அள்ளினேன். படிக்கிறவர்களை வாசலில் சோதித்து, தலை துடைக்கத் துவாய் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் வீட்டுக்காரிகள் வேலி வரைக்கும் போய்ச் சாப்பாடு கொடுக்கலாம். நான் சோற்றுப் பார்சலையும் போத்தலையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வழியில் பஸ்சுக்கு நிற்கும்போது ஒரு மான் வந்து வாழையிலையை இழுத்தது. இந்த ஊர் மான் ஆடு மாதிரித் தெருவில் திரியும், அதற்கு வெட்கமில்லை. அதை விரட்டிவிட்டு ஒருவாறு போய்ச் சேர்ந்தேன்.

துறைமுக வாசல் சாவடியில் அதே சென்ட்ரி. போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டி, குடி என்று கையால் காட்டினான்.

உங்களுக்குத் தெரியுமே, அப்போது போத்தல் கொண்டு போனால் அப்படித்தான். குடித்துக் காட்டினால் தண்ணீர், குடிக்காவிட்டால் வேறு ஏதோ. எனக்கு அவனுடைய பாஷை தெரியாது, அவனுக்கு என்னுடையது தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கடல் தண்ணீரை ஏன் கொண்டுவந்தேன் என்று எப்படி விளங்கப்படுத்துவது? அந்தச் சிவப்புக் கோடு போட்டவன் கண் முன்னால் வந்தான். பத்து மணி ஆகப்போகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மிடறு விழுங்கினேன். முகத்தைச் சுளிக்கவில்லை. பசுப்பால் குடித்த மாதிரி வாயைத் துடைத்தேன். அவன் விட்டுவிட்டான்.

வேலிக்கம்பிக்குள்ளால் போத்தலைக் கொடுத்தேன். அவர் துறை விளிம்பில் நின்று உள்ளங்கையில் ஊற்றி, கண்ணில் ஒற்றி, உச்சியில் தடவினார். மாஸ்டர் வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, பூசை முடிஞ்சுதா? குதிக்கலாமா?"

மூக்கைப் பொத்தினார். சட்டையை அமத்தினார். கால் முந்தியது, பிள்ளை. நேராக, தூண் மாதிரி. தலை மறைந்ததும் மறையாததுமாக மேலே வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அந்தக் கையும் காலும் நீந்தாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கும். பிறகு பார்த்தால் மீன்பிடிகாரர் இன்னும் மூன்று பேர் அந்தப் போத்தலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் குறை இருந்திருக்கிறது, வெளியில் சொல்லவில்லை. மாஸ்டர் தானே போத்தலைப் பிடித்து ஒவ்வொருவரின் கையிலும் ஊற்றிவிட்டார்.

சென்ட்ரி இதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவன், வந்து போத்தலில் மிச்சம் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தான். துப்பினான். வேலிக்கு இந்தப் பக்கம் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்து, அப்படிச் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

போகும்போது மாஸ்டரை மறித்து, ஒரு மிடறு குடித்தவருக்குப் புத்தி பேதலிக்குமோ என்று கேட்டேன்.

"அது நாள்கணக்கா படகுல கிடக்கிறவனுக்குத் தங்கச்சி. உங்களுக்கு இனிப் புதுசா என்ன பேதலிக்க இருக்கு?"

பத்திரம் ஒன்பது பேருக்கும் கிடைத்தது. இவர் கப்பலுக்குப் போய், ஒரு வருடம் கழித்துத்தான் வந்தார். நான் முதலில் கேட்டது அந்தக் குதியைப் பற்றித்தான். கப்பலிலும் ஒரு தரம் குதித்துப் பழக்கினார்களாம், ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில். தட்டு எங்கேயோ உயரத்தில், தண்ணீர் எங்கேயோ பள்ளத்தில். தொட எப்படி முடிந்தது? கப்பல் குசினிக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குதித்தாராம். உப்புத் தண்ணீர்தானே, கடலுக்கு விளங்கும் என்றார். நான் அந்த நாட்டுக் கடலுக்கும் விளங்குமோ என்று கேட்டேன். அதற்கு அவர்...

ஐயோ, உப்பென்றதும்தான் பார்க்கிறேன். அந்தத் தடியை எடுங்கள் பிள்ளை, இரண்டு காகம் கருவாட்டில் இறங்கிவிட்டது.