பாதியில் பாதி, அதில் பாதி

நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அடைமழை பிடித்து, தறிக்குழிகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து அன்றைக்குத்தான் நான் வீடு திரும்பினேன்.

தைராய்டில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்து, ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். அது கனமான ஈயக் குப்பிக்குள் வந்தது. கொடுத்த கையோடு நர்ஸ் எட்டப் போய் நின்றுகொண்டார். "விஷத்தையே விருந்தா வெக்கிறீங்களேம்மா" என்றேன். சிரித்தார், கிட்டே மட்டும் வரவில்லை.

அனுப்பும்போது டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த அயோடின் அணுக்களின் உட்கரு ஒரு நிலையில் நிற்காதாம். கதிரை வெளியே விட்டுவிட்டு வேறு அணுவாக மாறி அடங்கிவிடுமாம். எட்டு நாளில் பாதி அடங்கும். அடுத்த எட்டு நாளில் மீதியில் பாதி, அதற்கடுத்து அதிலும் பாதி. சிறுநீரிலேயே நிறையப் போய்விடும் என்றும் சொன்னார். "மூணு வாரம் சின்னப் பசங்க, மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போகாதீங்க. அப்புறம் பயமில்லை." எல்லாம் புரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் குழந்தை இல்லை. எதிர்வீட்டுக் குழந்தைதான் எங்கள் வீட்டில் வளர்ந்தது. அதன் அம்மா என் தறிக்குத் துணை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது அவள் வேலை. இரண்டு வயதுக் குழந்தை எங்கள் நடுவில், நூல் சுற்றும் காலித் தார்க்குச்சிகளை அடுக்கி விளையாடும். தூக்கம் வந்தால் என் மடிதான். பெற்றவள் கூப்பிட்டாலும் போகாது.

நான் வந்த அன்றைக்கே குழந்தை "பெரிம்மா!" என்று மழையில் ஓடிவந்தாள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே, "தள்ளி நில்லு கண்ணு" என்றேன். கம்பி இடுக்கில் கைவிட்டு ஒரு தார்க்குச்சியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. அவள் அம்மா வாசலில் வந்து நின்றாள். "இன்னாக்கா, டாக்டர் சொன்ன கெடுதான் முடிஞ்சிடுச்சே. உன்னைக் கேட்டு அழுதுக்கினே இருக்குது. வந்து தூக்கேன்."

நானோ வேலையில்லாமல் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி... எப்படிப் பிரித்தாலும் துளி மிச்சம் நிற்கிறதே! எனக்கோ எதற்கும் நாக்கு நுனியில் ஒரு பழமொழி இருக்கும். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமாடீ?" என்றேன்.

"டாக்டருக்குத் தெரியாதது உன் கடுகுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று அலுத்துக்கொண்டு போனாள்.

குழந்தை தினமும் ஜன்னலுக்கு வந்தாள். பிறகு நினைத்தால் வந்தாள். பொங்கலுக்கு அப்புறம் வரவில்லை. பாவம், மறந்தால் நல்லதுதான், அழாமலாவது இருக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் சத்தியமாக நினைத்தேன்.

பங்குனியில் மறுபரிசோதனை. "இனிமேலாவது குழந்தையைத் தூக்கலாமா சார்?" என்று கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் தூக்கலையா?"

கடுகுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மிச்சம் எவ்வளவோ, காரமும் அவ்வளவுதாம்மா. அணு குறையக் குறையக் கதிரும் குறையும். அடங்கின அணு மறுபடி எழுந்திருக்காது. இப்போ உங்ககிட்ட இருந்து வர்றதைவிட உங்க வீட்டுச் செங்கல்லுல இருந்து இயற்கையா வர்றதே அதிகம்." சீட்டை எழுதிக்கொண்டே, "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டுக்குத்தான் ஓடினேன். பையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். குழந்தை இரண்டடி பின்னால் போனாள். விரலை ஆட்டி, நான் சொன்ன அதே ராகத்தில், "தள்ளி நில்லு பெரிம்மா" என்றாள்.

"ஏய், போடி, பெரிம்மாதானே!" என்று அம்மா என் பக்கம் தள்ளிவிட்டாள். குழந்தை அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அதன் தலையைத் தடவிக்கொண்டே, "நீ கத்துக் குடுத்ததுதானேக்கா" என்றாள், மெதுவாக.

மறுவாரம், இத்தனை மாதம் நின்றுகிடந்த என் தறிக்கே குழந்தையின் அம்மா திரும்பி வந்தாள். இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிறாள். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும், பழமொழி வாய்க்கு வருவதற்குள் "அப்படின்னா இன்னாபா?" என்று கேட்டுவிடுகிறேன். அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் வாசலுக்கு எதிரே நின்று சிரித்து, டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவாள். அந்த மருந்து எப்போதோ அடங்கிப்போனது. நான் அவளை நிறுத்திய அந்தத் தூரத்தில் இருந்துதான் அவளுக்கு இன்னமும் என்னைத் தெரியும்.