மணி அடித்ததாகச் சொன்ன மருமகன்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவள் வேலை. கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை இருக்கும். எல்லோருக்கும் அவள் பலகையம்மா. புருஷன் போனபின் அந்த வேலையை வைத்துத்தான் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாள். பேருந்து ஓட்டுநர்களுக்கு அவள் வாயென்றால் பயம். வேகமாக வந்தவனிடம், "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழிவிடுவாள்.

மருமகன் அதே முனையில் ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டுகிறவன். சாவிக்கடை என்பதால் காவல் நிலையம் அனுமதித்தால்தான் கடை.

அன்று மாலை பிள்ளைகள் பாதிச் சாலையில் இருந்தார்கள், பலகை உயர்ந்திருந்தது. மேட்டிலிருந்து ரோந்துக் காவலர் ஒருவர் சைக்கிளில் பாய்ந்து இறங்கினார். பிள்ளைகளைக் கண்டதும் ஒடித்துத் திருப்பி, அவள் இடுப்பில் மோதினார். அவள் விழுந்து கிடக்க, அவர் சைக்கிளைத் தூக்கி முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஓடிவந்த மருமகன், "ஒரு மணிகூட அடிக்கலையே சார்," என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

முறிந்த இடுப்பெலும்பு கூடியபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. வழக்குப் போட்டாள். காவலர் திருடனை விரட்டி வந்ததாகக் காவல்துறை சொன்னது. அப்படி ஒரு திருடனை யாரும் பார்க்கவில்லை. இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. வக்கீல் விளக்கினார்: விரட்டிப் போகிற காவலர் பலகைக்கு நிற்க வேண்டாம், ஆனால் எச்சரித்தாக வேண்டும். மணி அடிக்காமல் வந்திருந்தால் துறை பொறுப்பு. அடித்திருந்தால் அவரும் பொறுப்பில்லை, துறையும் பொறுப்பில்லை. மருமகன் சாட்சி போதும் என்றார்.

மருமகன் கூண்டில் ஏறினான். "மணி அடிச்சது எனக்கு நல்லாவே கேட்டுச்சுங்க. அத்தைக்குத்தான் கொஞ்ச நாளா காது மந்தம்."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் குனிந்துகொண்டாள்.

வெளியே படிக்கட்டில், முன்னமே தெரியுமா என்று மகளிடம் கேட்டாள்.

"கடையத் தூக்கிடுவோம்னாங்கம்மா. நாங்க எங்க போறது?"

வழக்கு தள்ளுபடியானது. ஊன்றுகோல் இல்லாமல் நிற்கப் பழகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். காது கேளாதவரைச் சாலையில் நிறுத்த முடியாது, நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று அலுவலகத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே வேறொருத்தி பலகையோடு நின்றாள்.

வாடகை கட்ட முடியாமல் மகள் வீட்டுக்கே வந்தாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. மருமகன் ஆள் இருக்கும்போதெல்லாம் அவளிடம் கத்திப் பேசினான். அதைப் பார்த்து அக்கம்பக்கமும் கத்தியது. போகப்போக, வீட்டிலேயே அவள் எதிரில் கூசாமல் பேசத் தொடங்கினார்கள்: கிழம் இன்னும் எத்தனை காலம், அந்த அறையை வாடகைக்கு விட்டால் என்ன. அவள் சோற்றைப் பிசைந்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

ஒருநாள் தலை வாரிவிட்ட மகள், வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நிற்பதைப் பார்த்து, "தலைய நிமிர்த்துமா," என்று காதருகே கத்தினாள்.

"எனக்குக் காது கேக்குதுடி," என்றாள் மெதுவாக.

மகள் குனிந்தாள். "தெரியும்மா. வெளிய சொல்லிடாத."