ஜெயந்தியின் விரலுக்கு ஒரு சிந்தசைசர்

போன ஞாயிறு ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. வார நாட்களில் நான் கண்டியில் கிளார்க், வார இறுதியில் கிட்டார்காரன் — இது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் குழுவில் சிந்தசைசர் வாசிப்பவர் ஜெயந்தி. மூன்று வருடங்களுக்கு முன் கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை முழுவதும் போய்விட்டது. வாசிப்பு போகவில்லை.

காரணம், அவருடைய பழைய சிந்தசைசர். மேற்புறம் முழுக்கக் குமிழ்கள். சத்தத்தைக் கூர்மையாக்க ஒன்று, மழுக்க ஒன்று, எதிரொலிக்கு ஒன்று... எல்லாம் அவர் விரலுக்கு மனப்பாடம்.

அந்த மெஷின் போன மாதம் செத்துப்போனது. உள்ளே ஈரம் இறங்கிவிட்டதாம். ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். கல்யாணத்துக்காக ஒரு புது மாடலை வாடகைக்கு எடுத்தோம். பளபளவென்று கண்ணாடி. எதை மாற்றுவதென்றாலும் டச் ஸ்கிரீன்தான்.

ஜெயந்தி அதைத் தடவிப் பார்த்தார்.

“என்னண்ணே, பீங்கான் மாதிரி வழவழன்னு இருக்கு? கை எங்க இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

“நான் பக்கத்துலயே இருக்கேன்ல. சொல்லு, அமுத்திக் குடுக்குறேன்.”

சொன்னேன். செய்தேனா? மணமக்கள் உள்ளே வரும் நேரம் பார்த்து என் கிட்டார் கம்பி அறுந்தது. குனிந்து அதை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெயந்தி நாதஸ்வர ஓசையில் வாசித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாமென்று கையை நீட்டியிருக்கிறார். விரல் கண்ணாடியில் எங்கோ பட்டது... நாதஸ்வரம் நின்றது. ஸ்பீக்கரில் நாய் குரைத்தது!

மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும்தான். ஜெயந்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் எறங்கிக்கிறேண்ணே. இனிமே இதெல்லாம் எனக்குச் சரிவராது.”

தப்பு என்னுடையது. “மன்னிச்சிரும்மா” என்றேன்.

ஜெயந்தி இடது கையால் மெஷினின் ஓரத்தைத் தடவினார். அங்கே ஒரு சின்னச் சக்கரம், சுரத்தை வளைக்க. கட்டைகளைத் தவிர அந்த மெஷினில் அசைகிற பொருள் அது ஒன்றுதான். மெல்ல உருட்டிப் பார்த்தார்.

“புல்லாங்குழல் சத்தத்தப் போடுங்க. அப்புறம் உங்க பாட்டுக் கொப்பிய வச்சு ஸ்கிரீன மூடிருங்க. நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீங்க.”

அன்று முழுவதும் அந்த ஒரே குழல், அந்த ஒரே சக்கரம்! அவர் சுரத்தை இழுத்து, வளைத்து, சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டபோது, சிரித்தவர்கள் எல்லாம் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது, வேனில் ஜெயந்தி சொன்னார்: “இந்த மெஷின் செய்றவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும். நீங்க டைப் பண்ணுங்க.”

போனை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“ஒரு வேலைக்கு ஒரு நொப், என் பழைய மெஷின்ல இருந்த குமிழ் மாதிரி. எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு விரலுக்குத் தெரியிற மாதிரி அதுல ஒரு கீறல். சத்தத்த மாத்தினா, பேரக் காதுல மெதுவாச் சொல்லணும். கரண்ட் போய் வந்தா, விட்ட எடத்துலயே நிக்கணும்.”

கடைசியாக, “எனக்காக மட்டும் இல்லன்னு எழுதுங்க. மேடையில லைட்டு போச்சுன்னா எல்லாரும் என்ன மாதிரித்தானே?” என்றார்.

உண்மைதானே? கடையில் வைத்துப் பார்க்க அழகான மெஷின்கள் நிறைய வந்துவிட்டன. மேடையில் வாசிப்பவரின் கையை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

புதன்கிழமை பதில் வந்தது. நன்றி சொல்லி, அடுத்த மாடலைப் பற்றி ஒரு கேள்விப் படிவமும் அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்வி — உங்களுக்கு என்ன நிறத்தில் வேண்டும்?

தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினேன். ஜெயந்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

“எழுதுங்கண்ணே... தொட்டா தெரியிற கலரு!”