வெள்ளை வந்தால் அம்மா வருவாள்

மிட்டாய் விற்பவள் முதலில் பழக வேண்டியது ‘இல்லை’ என்று சொல்வதற்குத்தான். கடைப் பலகைக்கு உட்பக்கம் நிற்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். அரிசி இல்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிட்டாய் இல்லை என்றால் நம்பவே மாட்டார்கள். நம்மைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள்.

ராகலையில் அப்பா தொடங்கிய கடையை இப்போது நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கடையில் நிறமாறி மிட்டாய் என்று ஒன்று இருந்தது. சீமையிலிருந்து டின்னில் வரும். நெல்லிக்காய் அளவு. வாயில் போட்டால் சிவப்பு, கரையக் கரைய மஞ்சள், பிறகு பச்சை, கடைசியில் வெள்ளை. வெளிநாட்டு இனிப்பு வேண்டாமென்று அரசாங்கம் நிறுத்திய பிறகு டின் வரவில்லை.

பிள்ளைக்காம்பராக் கடிகாரம்

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடும்போது, கொஞ்சம் வளர்ந்த பிள்ளை கையில் ஒரு நிறமாறியைக் கொடுப்பார்கள். “வெள்ளை வந்ததும் அம்மா வந்துருவேன்.” பிள்ளை அதை எடுத்து எடுத்துப் பார்த்து, காகிதத்தில் சுற்றி வைத்து, மறுபடி வாயில் போட்டு, பகல் வரை ஓட்டிவிடும். அழாது.

மிட்டாய் நின்றதும், அவர்களில் ஒருத்தியான மாரியாயியிடம் பிள்ளைக்கென்று புல்டோ டொஃபி கொடுத்து அனுப்பினேன். அதுவும் இனிப்புதானே என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள். “நறுக்குன்னு கடிச்சுத் தின்னுப்புட்டு அம்மா எங்கன்னு அழுவுதாம். ஆயாம்மா என்னையத் திட்டுறாங்க. புல்டோவுல நேரம் பாக்க முடியாதுங்க அக்கா.”

உள்ளும் புறமும்

ஹட்டனில் மொத்தக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அடுத்த தடவை அவரே ஒரு போத்தல் நிறைய உருண்டை மிட்டாய் கொண்டுவந்தார். கொழும்பில் செய்தது, அசல் அதேதான் என்றார். பார்க்கவும் அப்படியேதான் இருந்தது.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் ராமையா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே நின்றார். மீசை நரைத்த மனுஷன். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. கடைசித் துணுக்கும் சிவப்பாகவே கரைந்தது. அவர் நாக்கை நானாவிடம் நீட்டிக் காட்டினார். நானா அசரவில்லை. “வெளிய என்னவோ உள்ளயும் அதே. இதவிட நேர்மையான முட்டாய் எங்க கிடைக்கும் தங்கச்சி?”

சிஸ்டரின் பதில்

நுவரெலியா கான்வென்ட் போர்டிங்கில் என்னைச் சேர்த்த அன்று, அப்பாவும் கையில் ஒரு நிறமாறியைத் திணித்துவிட்டுத்தான் போனார். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பினேன். பச்சை வந்தபோது கேட்டைப் பார்த்தேன். வெள்ளை வந்தது. அதுவும் கரைந்தது. அப்பா லீவுக்குத்தான் வந்தார். அப்பா பொய் சொன்னார் என்பதைவிட, நான்தான் அவசரப்பட்டுச் சப்பிவிட்டேன் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்.

அழுதுகொண்டிருந்த என்னை ஒரு சிஸ்டர் வந்து தூக்கி நிறுத்தினார். கடல் தாண்டி வந்தவர். தமிழை அளந்து அளந்து பேசுவார். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. “எனக்கும் வெள்ளை வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது, பிள்ளை. போய் முகத்தைக் கழுவு.”

கடைசி ஒன்று

பழைய டின்னின் மூலையில் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. எத்தனையோ பேர் கேட்டும் எடுக்கவில்லை. விடிந்தால் நான் பிரசவத்துக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூத்தவள் செல்வி பிறந்தபோது என்னைப் பிழைக்க வைக்கவே டாக்டர் பெரும்பாடு பட்டார். இந்தத் தடவை முன்கூட்டியே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

இன்று சாயங்காலம் அந்த மிட்டாயை செல்வி கையில் வைத்தேன். வாய்வரை வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டேன். அப்பா சொன்னதையே நானும் சொல்வதா? “ஒரு முட்டாய் கரையிறதுக்குள்ள அம்மாவால வர முடியாதுடி” என்றேன். அவள் மிட்டாயை உருட்டிப் பார்த்தாள். நுனிநாக்கால் ஒரே ஒரு தடவை தொட்டாள். காகிதத்தில் சுற்றி டின்னுக்குள் வைத்து மூடினாள். “அப்ப ஒரு நாளைக்கு ஒரு நக்குதான் நக்குவேன். நீ அவசரப்படாம வாம்மா.”

இத்தனை வருஷம் மிட்டாய் விற்றவள், கையிலிருந்த கடைசி ஒன்றைத் திரும்பி வருவதற்கு அடகு வைத்துவிட்டுக் காலை பஸ் ஏறப் போகிறேன், வெள்ளை வருவதற்குள் மீட்டாக வேண்டும்.