தலை குனிந்து நின்ற பிள்ளையின் சத்தம்

அன்பான உறவுகளே, போன கோடையில் என் மகன் அன்ரனின் எதிர்காலம் போய்விட்டது என்று அழுதவள் நான். ஆண்டவர் அந்த அழுகையைச் சிரிப்பாக்கியதை உங்களோடு பகிர்கிறேன்.

நாங்கள் மன்னார் ஆட்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில் வேலை செய்கிறேன். அன்ரனுக்குப் பேஸ்பால் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். அவன் கட்சர், முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிப்பவன்; களத்தில் நிற்பவர்களை வழிநடத்துவதும் அவன் வேலைதான். அமெரிக்கக் கல்லூரி ஒன்று தன் அணிக்கு அவனை எடுத்தால்தான், அவர்கள் செலவில் அங்கே படிக்கலாம்.

அங்கிருந்து வரும் பயிற்சியாளர்கள் வட இத்தாலியில் முகாம் நடத்தினார்கள். இங்கே அவனைப் பழக்கும் மாஸ்டர் ஒளிக்காமல் சொன்னார்: போகிற எல்லோரையும் எடுப்பதில்லை, அநேகமாக ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் போனோம்.

பெரியவர்கள் கதைத்தால் கையைக் கட்டி, தலை குனிந்து நிற்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளை அப்படியே நின்றான். தலைமைப் பயிற்சியாளர் கேட்டதற்கெல்லாம் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான். விளையாட்டில் விருப்பமில்லாத பையன் என்று நினைக்கிறார்கள் என முகாமில் உதவிய இத்தாலியப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். செபமாலையைப் பிடித்தபடி, பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியாவிடம், அவன் அடக்கத்தை இவர்களுக்கு விளங்கப்பண்ணும் தாயே என்று மன்றாடினேன்.

கடைசி நாள் போட்டி. முகமூடி போட்டதும் அன்ரன் வேறு ஆள். களத்தில் நிற்பவர்களை இங்கே வா, அங்கே போ என்று சிசிலிக்காரன் மாதிரி கத்தி ஆட்டிப்படைத்தான். அப்போது ஒரு பந்து உயரப் போய், தலைமைப் பயிற்சியாளர் நின்ற பக்கம் விழுந்தது. அன்ரன் மேலே பார்த்தபடி ஓடினான். அவசரத்தில் தமிழ்தான் வந்தது.

"ஐயா, தள்ளுங்கோ!"

அவர் பாய்ந்து விலகினார். இவன் விழுந்து புரண்டு பந்தைப் பிடித்தான். பெரியவரைப் பார்த்துக் கத்திவிட்டானே, எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அவர் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார். என் மகன் முகமூடியைக் கழற்றி, பழையபடி கையைக் கட்டி, தலை குனிந்து நிற்கிறான். பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அன்ரனே வெட்கத்தோடு சொன்னான்.

"அம்மா, இப்பிடிக் கத்திறவன்தான் தங்களுக்கு வேணுமாம். என்னை எடுக்கினமாம்."

இந்தக் கோடையில் போகிறான். முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமோ என்று கேட்கிற தாய்மாரே, அனுப்புங்கள். ஆனால் முகாமை நம்பி அல்ல, ஆண்டவரை நம்பி அனுப்புங்கள். நான் பிள்ளையின் அடக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் பிள்ளையையே காட்டினார்.