மேளம் நின்றுவிட்டது என்றவர்

குளத்தின் அடியில் துயின்றும் குடிகளைக் காக்க மறவாத பெருமாளே, கண்டதைக் கண்டபடி எழுத அருள்வாய். வைகாசி விசாகமாகிய இந்நன்னாளில், ஸ்கேன் அறையில் என் இடத்தில் இன்று அமர்ந்திருக்கும் இளைய மருத்துவர்களுக்காக இதைக் குறிக்கிறேன்.

கருட சேவை நடந்த ஒரு காலையில், சாமி தூக்கும் கோதண்டம் என்பவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வாகனத்தின் தண்டு நழுவி இடது விலாவில் இடித்திருந்தது. இடுப்பிலிருந்து மார்பு வரை துணியை இறுகச் சுற்றியிருந்தார்.

"பிபி நூத்திப் பத்து சார். ஜோக் அடிச்சிக்கினே வர்றாரு," என்றார் டூட்டி டாக்டர்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.

"சாமி கோயிலுக்குள்ள போற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது சார். நெத்தி நெறைய நாமம் போட்டுக்கினு நீங்களே கேக்கறீங்களே," என்று கோதண்டம் சிரித்தார்.

நானும் விட்டுவிட்டேன். பருத்தித் துணி படத்தை மறைக்காது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரத்தக்குழாய்களை வெளுப்பாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி எடுத்த படம் திரையில் வந்தது. மண்ணீரல் கிழிந்து, சுற்றிலும் ரத்தம். இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுசேர்க்கும் பெருஞ்சிரையான ஐ.வி.சி., தட்டிய ஜரிகைபோல் தட்டையாகக் கிடந்தது. கட்டின் இறுக்கத்தில் நசுங்கியிருக்கும் என்று எண்ணினேன். அடுத்த ஸ்லைஸ்களில், அதாவது அடுத்தடுத்த குறுக்குவெட்டுப் படங்களில், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் விளக்கேற்றியதுபோல் வெளுத்திருந்தன. சிறுகுடலின் சுவர் தடித்து, அதன் உட்புறமும் வெளுத்திருந்தது. பெருந்தமனியான அயோர்ட்டா மெலிந்திருந்தது. இவற்றை எந்தத் துணிக்கட்டும் செய்யாது. ரத்தம் இழந்த உடல், மிஞ்சியதை வைத்துப் போராடும்போது கொள்ளும் கோலம் அது. கண்ணாடிக்கு அப்பால் அந்த உடலுக்கு உரியவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சர்ஜனுக்குப் போன் செய்துவிட்டு டூட்டி டாக்டரிடம் ஓடினேன். "ஷாக். உள்ள ரத்தம் கசிஞ்சிட்டிருக்கு. கட்டை இங்க தொடாதீங்க, அவிழ்த்தா பிபி விழுந்துடும். ரத்தம் ஏறட்டும், தியேட்டர்ல வெட்டிக்கலாம்."

தியேட்டருக்குப் போகும் தாழ்வாரத்தில் கோதண்டம் என் கையைப் பற்றினார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"மேளம் நின்னுடுச்சு சார். சாமி உள்ள போயிட்டாரு. இனிமே அவிழ்த்துடுங்க."

ஜன்னலுக்கு வெளியே, வீதியில், மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் பிழைத்தார். வார்டில் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்: "கட்டை வெட்டினப்போ சாமி வீதியிலதான் இருந்தாருப்பா."

அவர் கேட்டார்: "அப்போ எனக்கு நின்னது எந்த மேளம் சார்?"

இளைய மருத்துவர்களே, தட்டையான ஐ.வி.சி.க்கு வசதியானதொரு காரணம் கைக்குக் கிடைத்தாலும், அதோடு நிற்காமல் அடுத்த ஸ்லைஸையும் பாருங்கள். பிபியும் பேச்சும் மறைப்பதைப் படம் முன்கூட்டியே காட்டிவிடும். என்னால் சொல்லக்கூடியது இவ்வளவே.

இதைப் படிப்போர் அனைவரின் செவியிலும் மேளம் நெடுங்காலம் ஒலிப்பதாக.