யாரும் எதுவும் கேட்காத தெரு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எனக்குத் திருவண்ணாமலையில் வேலை கிடைத்ததும், வீடு பார்க்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தாலே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அது பிடிக்காமல், செங்கம் சாலைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் தங்கும் அமைதியான தெருவாகப் பார்த்து வீடு பிடித்தேன். அக்கம்பக்கத்தில் மாதம் ஒரு முகம். "உன் செலக்‌ஷன்னா சும்மாவா!" என்றார் கணவர். பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிறு காலை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயது மகள் யாழினி வெளியே போய்விட்டாள். தெரு முழுக்க ஓடி விசாரித்தோம். "பாத்தேங்க. யாரோ கெஸ்ட் குழந்தைனு நெனச்சேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்போது, மெயின் ரோட்டில் துணி தேய்க்கும் மல்லிகா அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். "ரோட்டத் தாண்டப் பாத்தாம்மா. மூஞ்சி அடையாளம் தெரியல. இந்த மஞ்ச கவுன நேத்துதான் தேச்சேன். அதான் உன் வூட்டுப் பொண்ணுனு தூக்கினு வந்துட்டேன். இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது அக்கா இருக்கும் தெருவிலேயே குடியிருக்கிறோம். பால் காய்ச்சிய அன்றே மகளை வீடு வீடாக அழைத்துப்போய், பேர் சொல்லிக் காட்டினேன். அவள் வாசல் தாண்டினால் நாலு வீட்டிலிருந்து, "ஏய் யாழினி, எங்க கெளம்பிட்ட?" என்று குரல் வரும். எனக்கும் கேள்விகள் உண்டு: என்ன குழம்பு, ஏன் லேட்டு. எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்கிறேன்.